பழியெல்லாம் ஹார்ட்டுக்கு

இம்யூனோதெரபி, அதாவது நோயெதிர்ப்புச் சக்தியை முடுக்கிவிடும் சிகிச்சை, எடுக்கும் புற்றுநோயாளி ஏற்கெனவே இதய நோயாளியாகவும் இருந்தால், எங்கள் ஹார்மோன் பிரிவுக்கு அழைப்பு தாமதமாகத்தான் வரும். அசதியா? பம்பிங் குறைவு. சோடியம் இறங்கிவிட்டதா? நீர் மாத்திரை. தலைசுற்றலா? பிரஷர் மாத்திரை. பழி போட ஹார்ட் இருக்கும்போது, மூளைக்கடியில் இருந்து மற்ற சுரப்பிகளை ஏவும் பிட்யூட்டரியை யார் நினைக்கிறார்கள்!

நிவோலுமாப், இபிலிமுமாப் வகை மருந்துகள் புற்றுநோய் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. நோயெதிர்ப்பு டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடுகின்றன. 2018இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் நோபல் கிடைத்தது இதற்காகத்தான். அவிழ்த்துவிட்ட செல்கள் சிலருக்குத் தைராய்டு, பிட்யூட்டரி, அபூர்வமாகக் கணையம் வரை கைவைத்துவிடும்.

சிறுநீரகப் புற்றுநோய்க்கு இந்த இரண்டையும் சேர்த்து எடுத்த பெரியவர் ஒருவர், பைபாஸ் ஆனவர். "சோத்தைக் கண்டாலே வேணாங்கிறாரு டாக்டர், எழுந்தா தலை சுத்துது. பம்பிங் இன்னும் குறைஞ்சிருச்சா?" என்றார் மகள். எக்கோ பழையபடிதான் இருந்தது. சோடியம் 124, ரொம்பக் குறைவு. நீர் மாத்திரையை நிறுத்தியும் ஏறவில்லை. தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைவு, தைராய்டை வேலைவாங்க பிட்யூட்டரி அனுப்பும் டிஎஸ்எச் மட்டும் நார்மல். தைராய்டே கெட்டிருந்தால் டிஎஸ்எச் எகிறியிருக்க வேண்டும். பிட்யூட்டரி ஏவி அட்ரினல் சுரப்பி தரும், பிரஷரைத் தாங்கும் கார்டிசாலும் காலை 8 மணிக்கு 2-க்கும் கீழே. ஆக, கோளாறு பிட்யூட்டரியில்.

கேஸ் ஷீட்டில் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) 100 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தது. அதை நிறுத்திவைக்கச் சொன்னேன். கார்டிசால் இல்லாத உடம்பில் தைராக்ஸின் முதலில் போனால், மிச்சமிருக்கும் கார்டிசாலும் சீக்கிரம் செலவாகி பிரஷர் விழுந்துவிடும். கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசி முதலில். தைராக்ஸின் அப்புறம், அதுவும் 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து. அடைப்புள்ள இதயத்தை ஒரேயடியாக முடுக்கினால் நெஞ்சுவலியில் போய் நிற்கும்.

படபடப்போடு வருபவர்கள் வேறு ரகம். வீங்கிய தைராய்டிலிருந்து ஹார்மோன் கசிந்து இதயத்துடிப்பு தாறுமாறாகும். தைராய்டின் உற்பத்தியைக் குறைக்கும் கார்பிமசோல் கசிவுக்கு உதவாது. துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் போதும். சில வாரத்தில் அதே ஆளுக்குத் தைராய்டு குறைந்துவிடும். இதயத்துடிப்பைச் சீராக்கக் கொடுத்தாலும் தைராய்டையும் கெடுக்கக்கூடிய அமியோடரோனும் சாப்பிடுகிறவர் என்றால் எது எதன் வேலை என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஈசிஜி பார்க்காமல் எவரையும் தைராய்டு என்று அனுப்பக்கூடாது. இந்த மருந்துகளால் வரும் இதயத் தசை அழற்சி அபூர்வம்தான், வந்தால் உயிருக்கே ஆபத்து. இம்யூனோதெரபியை அங்கேயே நிறுத்த வேண்டும்.

பெரியவருக்கு நிறுத்த வேண்டியிருக்கவில்லை. நிலைமை சீரானதும் நிவோலுமாபைத் தொடர்ந்தார்கள். ஹைட்ரோகார்டிசோன் மட்டும் ஆயுளுக்கும். "காய்ச்சல் வந்தா டோஸ் இரண்டு மடங்கு, வாந்தி நிக்கலைன்னா உடனே ஊசி. எந்த டாக்டர் கேட்டாலும் நிறுத்தக்கூடாத மாத்திரைன்னு சொல்லுங்கம்மா" என்று மகளிடம் எழுதியே கொடுத்தேன்.