தவிலுக்கு 8 வாட் போதவில்லை

தெஹிவளையில் நண்பன் வீட்டில் 300பி என்ற வால்வு (பழைய ரேடியோக்களில் ஒளிரும் கண்ணாடிக் குழாய் மாதிரி) போட்ட சிங்கிள் எண்டட் அம்ப்ளிஃபயர், அதாவது பக்கத்துக்கு ஒரே வால்வு தனியாக ஸ்பீக்கரை ஓட்டுகிற வகை ஒன்றைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இடது, வலது என்று பக்கத்துக்கு 8 வாட்தான். ஆனால் வயலின்காரர் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்து வாசிக்கிறார். "கொண்டுபோய் ஒரு கிழமை வைத்துக் கேள் மச்சான்" என்றான். வால்வுகளைக் கழற்றித் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வெள்ளவத்தைக்கு வந்தேன்.

வீட்டில் முதலில் போட்டது நாதஸ்வரம். ஆலாபனை முடியும் வரை ஒரு குறையும் இல்லை. தவில் சேர்ந்ததும் எல்லாம் குழைந்துவிட்டது. அரிசி மூட்டையில் தட்டுவது போல ஒரு சத்தம். குசினியிலிருந்து மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, தவில்காரருக்குச் சுகமில்லையோ?"

அம்ப்ளிஃபயரில் பிழை இல்லை. நண்பனுடையது கூம்பு வாய் வைத்த ஹோர்ன் ஸ்பீக்கர். 1 வாட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் 97 டெசிபல். என்னுடையது 86. வித்தியாசம் 11தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரண்டு மடங்காக வேண்டும். அங்கே 8 வாட் செய்த வேலையை என் வீட்டில் செய்ய 100 வாட் தேவை!

இன்னொன்று ஓம், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. அது குறையக் குறைய அம்ப்ளிஃபயருக்குச் சுமை கூடும். என் ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று இருக்கிறது. அது பெயருக்குத்தான். கைநூலில் உள்ள ஓம் வளைகோட்டைப் பார்த்தால், தவிலின் கனம் இருக்கும் கீழ் ஒலிப் பகுதியிலேயே 4க்கும் கீழே இறங்குகிறது. வாங்குமுன் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டை. நான் பார்த்தது வால்வின் வெளிச்சத்தை.

கடைசியில் இஎல்34 என்ற வால்வுகள் போட்ட பழைய புஷ்-புல் அம்ப்ளிஃபயர் (பக்கத்துக்கு இரண்டு வால்வுகள் சோடியாக வேலை செய்யும்) ஒன்றை வாங்கினேன், பக்கத்துக்கு 35 வாட். (ஜப்பானிலிருந்து வந்த ஒன்று இன்னும் மலிவு. 100 வோல்ட் பெட்டி, நம் 230க்குத் தனி ட்ரான்ஸ்போமர் வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.) 100 வாட் இல்லைதான், எங்கள் சின்ன அறைக்குத் தாராளம். அதிலும் ஸ்பீக்கர் வயரை அம்ப்ளிஃபயரின் பின்னால் உள்ள 8 ஓம் முனையிலிருந்து 4 ஓம் முனைக்கு மாற்றிய பிறகுதான் தவில் தவிலாகக் கேட்டது. சத்தம் கொஞ்சம் குறைந்தது, அடி இறுகியது. மாற்றுமுன் அம்ப்ளிஃபயரை நிறுத்திவிடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு அம்ப்ளிஃபயரை ஓடவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விடும்.

இப்போது வேறு பிரச்சினை. 4 வால்வுகளையும் உள்ளே சூடாக்கும் இழைகள் மட்டுமே 38 வாட் சூடு விடுகின்றன. ஏப்ரல் வெக்கையில் ஃபேன் போடாமல் முடியாது, போட்டால் ஆலாபனையின் மெல்லிய இடங்கள் காணாமல் போகின்றன. ஃபேனை நிறுத்தினால் கடற்கரை ரயில் வருகிறது.

வயலின் கேட்க மட்டும் இன்னும் தெஹிவளைக்குப் போகிறேன்.