ஒரு டிபி காலியா கெடக்கு, ஆனா இடம் இல்லையாம்

திருத்துறைப்பூண்டி பக்கம் சித்தப்பா உரக்கடை வச்சிருக்காரு. ஜூன் 12 மேட்டூர் தொறந்து தண்ணி கீழ வந்துட்டா அந்தக் கடை கம்ப்யூட்டர்கிட்டயே போக முடியாது, யூரியா டிஏபி பில்லுதான் நாள் பூரா. அதனால குறுவைக்கு முன்னாடியே மெஷினை முழுசா ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் எடுத்து வச்சுருவோம்னு எறங்குனேன்.

கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேரோட ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணா போதாதான்னு நெறைய பேரு கேப்பாங்க. போதாது. அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரோட டிரைவர் சிடி எங்க போச்சுன்னே தெரியாது, விவசாயிங்க பேர் லிஸ்டு மொத்தமும் யூனிகோடுக்கு முந்தின வானவில் ஃபான்ட்ல அடிச்சது, வின்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுருச்சு, 11 இந்த மெஷின்ல ஏறாது. நாளைக்கு டிஸ்க் படுத்துச்சுன்னா இதையெல்லாம் ஒன்னொன்னா தேடி திரும்ப போடறதுக்குள்ள சம்பா அறுப்பே வந்துரும். அதனாலதான் சிஸ்டம் இமேஜ், அதாவது வின்டோஸ், சாஃப்ட்வேர், டேட்டா எல்லாத்தையும் சேத்து அப்படியே எடுக்கற நகல்.

கன்ட்ரோல் பேனல்ல பேக்கப் அண்ட் ரீஸ்டோர்னு, பக்கத்துலயே வின்டோஸ் 7ன்னு பழைய பேரோட, இன்னும் இருக்கு. டிரைவ்ல ஃபைலை அடுக்கி வைக்கற முறையில பல வகை இருக்கு, புது டிரைவ் எக்ஸ்ஃபேட்ல வந்துச்சு, இமேஜுக்கு என்டிஎஃப்எஸ் வேணும், காலி டிரைவ்தான, ஃபார்மட் பண்ணியாச்சு. (ஃபேட்32ன்னா உள்ள இருக்கறது போகாம கன்வெர்ட் பண்ணலாம், எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த வழி கெடையாது.)

அப்புறம்தான் கூத்து. ஸ்டார்ட் பேக்கப் அமுக்குன கொஞ்ச நேரத்துல 80780119ன்னு முடியற ஒரு எரர், போதுமான இடம் இல்லையாம். சி டிரைவ்ல டேட்டா 180 ஜிபி, எக்ஸ்டர்னல்ல 931 ஜிபி காலி. சித்தப்பா எட்டிப் பாத்துட்டு, "ஏண்டா தம்பி, புது டப்பா வாங்கிட்டு வந்தும் இடம் இல்லங்குது, கடைக்காரன் நம்ம தலையில கட்டிட்டானா?"ங்கறாரு.

அவரு கோவம் நியாயம்தான், அந்த மெசேஜை யாரு படிச்சாலும் புது டிரைவைத்தான் சந்தேகப்படுவாங்க. ஆனா இடம் இல்லாதது அதுல இல்ல. பழைய டிஸ்க்லயே ஒரு ஓரமா, சிஸ்டம் ரிசர்வ்டுன்னு கண்ணுக்குத் தெரியாம ஒரு குட்டி பார்ட்டிஷன் இருக்கும். வின்டோஸ் 7 போட்டப்ப அது வச்சது வெறும் 100 எம்பி, அப்புறம் 10க்கு அப்கிரேட் பண்ணப்பவும் அப்படியே விட்டுட்டாங்க. இமேஜ் எடுக்கறப்ப வின்டோஸ் ஒவ்வொரு பார்ட்டிஷனையும் அந்த நொடியில எப்படி இருக்கோ அப்படியே உறைய வச்சு ஒரு ஷேடோ காப்பி எடுக்கும், அதுக்கு அந்தந்த பார்ட்டிஷன்லயே கொஞ்சம் எடம் வேணும். 500 எம்பிக்கு உட்பட்ட பார்ட்டிஷன்னா கொறஞ்சது 50 எம்பி, அதுக்கு மேலன்னா 320 எம்பி. இங்க அந்த நூத்துல 30கூட மிச்சமில்ல.

டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி அதுக்கு சி, டி மாதிரி ஒரு டிரைவ் லெட்டர் குடுத்துப் பாத்தா, யூஎஸ்என் ஜர்னல்னு ஒன்னு எடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு, எந்த ஃபைல் எப்ப மாறுச்சுன்னு குறிச்சு வைக்கற நோட்டு அது, அந்தப் பார்ட்டிஷனுக்கு அது தேவையே இல்ல. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஃப்எஸ்யூடில் கமாண்டை வச்சு அந்த ஜர்னலை மட்டும் தூக்குனேன், லெட்டரை திரும்ப எடுத்துட்டேன். எரர் போச்சு. உள்ள இருக்கற பூட் ஃபைல் எதையும் கை வைக்காதீங்க, அப்புறம் மெஷின் எந்திரிக்காது.

சரி ஓடுது, டீ குடிச்சுட்டு வரலாம்னு போனா பாதியில நிக்குது, டிரைவே காணோம். பிடுங்கி சொருகுனா வருது, கொஞ்ச நேரம் ஓடும், திரும்ப ஒரு டிக் சத்தம், காணோம். இதுக்கு ஸ்கிரீன்ல வர்ற மெசேஜை நம்பாம மெஷின்ல நடந்ததையெல்லாம் வின்டோஸ் குறிச்சு வைக்கற ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக் பாக்கணும், 157ன்னு இருந்துச்சு, ஓடிக்கிட்டு இருக்கறப்பவே டிஸ்க்கை யாரோ பிடுங்குனாப்ல கட் ஆயிருக்குன்னு அர்த்தம். அதாவது கரன்ட்டோ வயரோ போர்ட்டோ. டார்ச் அடிச்சு முன்பக்க போர்ட்டைப் பாத்தேன், உள்ள பித்தளை தகடெல்லாம் பச்சை புடிச்சு கெடக்கு. உரத்தூசி ஈரத்தை இழுக்கும், போதாததுக்கு நம்ம ஊரு கடக்காத்து, வேற எப்படி இருக்கும்? அதோட முன்பக்க போர்ட்டு யூஎஸ்பி 2, அது 500 மில்லி ஆம்ப்தான் குடுக்கணும், பின்னாடி நீலக் கலர் யூஎஸ்பி 3 போர்ட்டு 900 வரைக்கும் குடுக்கும், தனி அடாப்டர் இல்லாத சின்ன டிரைவுக்கு இந்த வித்தியாசம் பெருசு. பின்னாடி மாத்தி, பவர் ஆப்ஷன்ல, கரன்ட் மிச்சம் புடிக்க போர்ட்டைத் தூங்க வைக்கற யூஎஸ்பி சஸ்பெண்டை ஆஃப் பண்ணி, மெஷினை தூங்க விடாம வச்சேன். ஈபி ஷட்டவுன் இருக்கற நாளா பாத்து ஆரம்பிக்காதீங்க, பழைய யுபிஎஸ் பேட்டரி இவ்வளவு நேரம் தாங்காது.

இப்ப டிரைவ் கட் ஆகாம நிக்குது, ஆனா ஐஓ எரர், அதாவது டிஸ்க்ல படிக்கறதோ எழுதறதோ தடங்கல். அதுவும் புது டிரைவ்ல இல்ல, மெஷினுக்குள்ள இருக்கற பழைய டிஸ்க்ல. டிஸ்க்கோட ஆரோக்கியத்தைக் காட்டற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தா மஞ்சக் கலர்ல காஷன், சி5 வரிசையில நம்பர் ஏறியிருக்கு, படிக்க முடியாம தவிக்கற செக்டார் கணக்கு அது. இந்த எடத்துல எல்லாரும் உடனே செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர்னு, டிஸ்க் பூரா கெட்ட எடம் தேடற கமாண்டைப் போடச் சொல்லுவாங்க. வேணாம், மொதல்ல டேலி டேட்டா, ஃபான்ட், டிரைவர் ஃபோல்டர் எல்லாத்தையும் கையால ஒரு பென்டிரைவுக்கு காப்பி பண்ணிட்டு அப்புறம் போடுங்க, சாகப் போற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வச்சா அதுலயே போயிரலாம். எங்களுக்கு ராத்திரி பூரா ஓடி காலையில முடிஞ்சுது, அதுக்கப்புறம் இமேஜ் ஒரே மூச்சுல ஏறிருச்சு.

எக்ஸ்டர்னல் டிரைவ் உள்ள வின்டோஸ்இமேஜ்பேக்கப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், பேரை மாத்தாதீங்க, வேற ஃபோல்டருக்குள்ள தள்ளாதீங்க, ரீஸ்டோர் பண்றப்ப அதே பேரத்தான் தேடும். டிஸ்க் படுத்துட்டா மெஷினை எழுப்பி ரீஸ்டோர் பண்ண உதவற ரிக்கவரி பென்டிரைவும் அப்பவே போட்டு வச்சுருங்க.

அந்த மஞ்சக் கலரைப் பாத்தப்புறம் பழைய டிஸ்க்கை விட்டு வைக்க முடியுமா, எஸ்எஸ்டி வாங்கச் சொன்னேன். கடையில 480 ஜிபி எடுத்துக் குடுத்தாங்க, வேணாம்னு 512 கேட்டு வாங்குனோம், ஏன்னா பழசு 500, இந்த இமேஜ், எடுத்த டிஸ்க்கோட சைஸை விட சின்ன டிஸ்க்ல எறங்கவே எறங்காது, உள்ள எவ்வளவு காலியா இருந்தாலும் சரி. ரீஸ்டோர் ஆனப்புறம் செக்டிஸ்க் ஸ்லாஷ் பி ஒரு தடவை போட்டேன், பழைய டிஸ்க்ல கெட்டுப்போன எடத்தோட லிஸ்ட்டும் இமேஜோட சேந்து வந்துரும், புதுசுல அது பொய்க்கணக்கு, அதை அழிச்சு திரும்ப பாக்கறது ஸ்லாஷ் பி.

சித்தப்பா மொத பில்லை அடிச்சுப் பாத்தாரு, வானவில் எழுத்து சரியா விழுந்துச்சு. பழைய டிஸ்க்ல நாகஸ்வரக் கச்சேரி ஏத்திக் குடுன்னு கேட்டுக்கிட்டு இருக்காரு, ஏத்தித் தரேன், அது ஓடுற வரைக்கும் கேக்கட்டும்.