எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

கலந்தாய்வு ஒன்றில் பேசிய ஓர் அம்மா கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய்யில்லை. ஆனாலும் அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

சமாதானக் கலந்தாய்வுகளில் குறிப்பெடுத்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஊரையும் தரப்புகளையும் சொல்ல முடியாது. பேசியவர்கள் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். அன்று அந்த அம்மா சொன்னது இதுதான்: "பொழுது சாயுற நேரத்துலதான் சோதனைச் சாவடியில காவல் மாறுது. நாங்க வேலை முடிஞ்சு திரும்புறதும் அப்பத்தான். பகல் முழுக்க நின்னவனுக்கு எங்க முகம் தெரியும். புதுசா வந்து நிக்கிறவனுக்குத் தெரியாது. அவனும் பயந்துபோய்த்தான் நிக்கிறான். காவலைக் காலையில மாத்தச் சொல்லுங்க."

போர்நிறுத்த விதிகளைக் கரைத்துக் குடித்தவர்கள் பலர் அந்த அறையில் இருந்தார்கள். கனரக ஆயுதங்களை எங்கே நிறுத்துவது, யார் எவ்வளவு தூரம் பின்வாங்குவது என்றெல்லாம் மணிக்கணக்காகப் பேசியிருந்தார்கள். காவல் மாறும் நேரத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அந்த வழியில் தினமும் நடப்பவருக்குத்தான் அது தெரியும்.

மாலையில் வரைவை வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னது கடைசிப் பகுதியில் இருந்தது. தலைப்பு 'பெண்களும் குழந்தைகளும்'.

"நான் சாவடியைப் பத்தித்தானேம்மா சொன்னேன்? அதை ஏன் இங்கே போட்டிருக்கே?"

"இங்கே இருந்தா வெட்டுப்படாதும்மா."

"துப்பாக்கி வச்சிருக்கிறவங்க இதைப் படிப்பாங்களா?"

"அவங்க கைக்கும் போகும்."

"கைக்குப் போகும் சரி. இந்தப் பக்கத்தைத் திருப்புவாங்களா?"

"அறிக்கையில நிச்சயம் இருக்கும்" என்றேன். அவர் கேட்டது அது அல்ல.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அறிக்கையில் பாதுகாப்பைப் பற்றிய பகுதி இரு தரப்பு இராணுவ ஆலோசகர்களின் கண்பார்வையில் இருந்தது. அவர்களாக எழுப்பாத எதுவும் அதில் தங்காது. பெண்கள் பகுதியில் யாரும் கைவைப்பதில்லை. நினைத்தபடியே நடந்தது: பாதுகாப்புப் பகுதி வெட்டி வெட்டிப் பாதியானது, அவர் சொன்னது வரி மாறாமல் இறுதி அறிக்கை வரை வந்தது. ஆனால் யாரும் கைவைக்காததற்குக் காரணம் மரியாதையா, அக்கறையின்மையா என்று யோசித்தால் என் நியாயம் ஆட்டம் காண்கிறது.

இதே சிக்கல் பெரிய மேசைகளிலும் இருந்திருக்கிறது. இலங்கைப் பேச்சுவார்த்தையின்போது அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து பெண்கள் விவகாரங்களுக்கென ஒரு துணைக்குழு அமைத்தார்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் அது கூடியபோது, மீள்குடியேற்றத்தோடு ஆட்களின் பாதுகாப்பும் அதன் பட்டியலில் இருந்தது. ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள். பிரதான மேசை நின்றதும் துணைக்குழுவும் நின்றுபோனது. இரு பக்கத்துப் பெண்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசத் தொடங்கியிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வட அயர்லாந்துப் பெண்கள் தனி அறை கேட்கவில்லை. 1996இல் கட்சியாகவே தேர்தலில் நின்று, மேசையில் நேரடியாக இடம் பிடித்தார்கள். 1998 சமாதான உடன்பாட்டில் பாதிக்கப்பட்டோரைப் பற்றிய பகுதியும் இரு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கல்வியும் இடம்பெற்றதில் அவர்கள் பங்கு பெரிது. இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மா கேட்டது சரி, நான் செய்தது தவறான வழி என்று தோன்றும். உடனே கொலம்பியா நினைவுக்கு வரும். அந்நாட்டு அரசும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களும் ஹவானாவில் நடத்திய பேச்சுவார்த்தையில் 2014இல் அமைந்ததும் தனித் துணைக்குழுதான். ஆனால் அதற்கென ஒரு மூலை ஒதுக்கி அங்கேயே எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. பிரதான மேசை ஒப்புக்கொண்ட வாசகங்களை எடுத்துப் பார்த்துத் திருத்தும் வேலை அதற்கு இருந்தது. அப்படியானால் தனியாக இருப்பதில் குற்றமில்லை, அங்கிருந்து மற்றப் பக்கங்களுக்குள் நுழைய வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் அறிக்கையில் அந்த வழி இல்லை. அதைத் திறக்கும் அதிகாரம் குறிப்பெடுப்பவளுக்கும் இல்லை.

ஐ.நா. பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது 2000 அக்டோபரில். முடிவெடுக்கும் எல்லா மட்டங்களிலும் பெண்கள் வேண்டும் என்றது. பெரிய சமாதான முயற்சிகளில் 1992 முதல் 2019 வரை பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர்களில் பெண்கள் சராசரியாக 13 சதவீதம். கையெழுத்திட்டவர்களில் 6 சதவீதம். பயிற்சிகளில் இந்த எண்களைச் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும். பிறகு பெண்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், அவர்கள் சொன்ன சாவடியைத் தூக்கி நாமே கடைசிப் பக்கத்தில் வைக்கிறோம்.

அந்தச் சாவடியில் காவல் நேரம் பின்னால் மாறியது. அறிக்கையால் அல்ல. அந்த அம்மாவும் இன்னும் சில பெண்களும் சாவடிப் பொறுப்பாளரிடம் நேரில் போய்ப் பேசியிருக்கிறார்கள். கேள்விப்பட்டதும் மகிழ்ந்தேன். கூடவே கோபமும் வந்தது. அச்சிட்ட ஒரு பத்தி செய்திருக்க வேண்டிய வேலைக்காக அவர்கள் துப்பாக்கி முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. எழுத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் போனார்கள் என்று என்னோடு வேலை செய்பவர் சொல்கிறார். இருக்கலாம். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றும் தோன்றுகிறது.

இனிமேல் இப்படிப்பட்டதை இரண்டு பகுதிகளிலும் எழுதிவிடுகிறேன் என்று என்னோடு வேலை செய்யும் அவரிடம் சொன்னேன். "இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை எடுத்துவிடச் சொல்வார்கள். எதை எடுப்பார்கள் என்று உனக்கே தெரியும்" என்றார். அப்படியென்றால் பாதுகாப்பில் மட்டும் போடுகிறேன், எடுத்தால் ஏன் எடுத்தார்கள் என்று எழுத்தில் கேட்கிறேன் என்றேன். வெட்டியபின் கேட்டு என்ன பயன் என்கிறார் அவர். நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.