25 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்கள்

தக்கலையில் மருந்துக்கடை வாசலில் இன்று ஒருவர் போனில் வந்த பார்வேர்டை நீட்டிக் கேட்கிறார்: "மேல் பிரஷரை 120க்குக் கீழ கொண்டுவந்தா ஹார்ட் ரிஸ்க் 25 சதவீதம் குறையுமாமே அண்ணே?"

2015ல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வு அது; மேல் பிரஷரை 120க்குக் கீழ கொண்டுவர முயன்ற குழுவையும் 140க்குக் கீழ வைக்க முயன்ற குழுவையும் ஒப்பிட்டது. ஹசார்டு ரேஷியோ, அதாவது இரண்டு குழுக்களின் ரிஸ்க் விகிதம், 0.75; 1 என்றால் வித்தியாசமே இல்லை.

பார்வேர்டில் விட்டுப்போனது பக்கத்திலிருந்த கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல், அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை: 0.64 முதல் 0.89.

பலன் 36 சதவீதமாகவும் இருக்கலாம், வெறும் 11 ஆகவும் இருக்கலாம். 1ஐத் தொடவில்லை, அதனால் பலனே இல்லை என்று தள்ளவும் முடியாது.

மாத்திரையைக் கூட்டுமுன் பார்க்க வேண்டியது அந்த 0.89ஐ. 11தான் கிடைக்கும் என்றாலும் இவருக்கு இது தேவையா? எழுந்தாலே தலைசுற்றும் பாட்டிக்கு? பிரஷரை அதிகம் குறைத்த குழுவில் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடின.

இன்னொன்று, சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவே இல்லை. நம்மூரில் பிரஷரோடு சுகரும் இருப்பவர்கள் நிறையப் பேர்!