ஹவ்காங் வீட்டை விற்ற ஐந்து மாதங்கள்

சிங்கப்பூரின் ஹவ்காங்கில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாங்கள் குடியிருந்த நான்கறை வீட்டை 2023ஆம் ஆண்டில் விற்றோம். அப்பா இறந்து ஓராண்டு கடந்திருந்தது. முழங்கால் வலியோடு தனியாக இருப்பது இனி சரிவராது என்று அம்மாவே ஒருநாள் சொல்லி, ஈசூனில் இருக்கும் என் வீட்டுக்கு வரச் சம்மதித்தார். அப்பாவும் அம்மாவும் கூட்டு உரிமையாளர்களாக இருந்ததால் வீடு அம்மாவின் பெயருக்கு மாறுவதில் சிக்கல் ஏதும் இருக்கவில்லை. மறுவிற்பனைக்கு இரண்டு மாதங்கள், அதன்பின் ஒப்புதலுக்கு இரண்டு மாதங்கள் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டை விற்க விரும்புவதாக இணையத்தில் பதிவு செய்தேன்.

பதிவு முடிந்ததும் திரையில் மூன்று வரிகள் வந்தன. எங்கள் வீட்டை மலாய்க்காரர் வாங்கலாம், இந்தியரும் பிற இனத்தவரும் வாங்கலாம், சீனர் வாங்க முடியாது. அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு முறை படித்தார். "நம்ம வீட்ட யாருக்கு விக்கணும்னு இதுல போட்டிருக்கா?" என்று கேட்டார். என்னிடம் உடனே சொல்லப் பதில் இல்லை.

எங்களுடையதைப் போன்ற, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கான இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. சீனர்கள் ஒரு பேட்டையில் 84 விழுக்காட்டுக்கும் ஒரு புளோக்கில் 87 விழுக்காட்டுக்கும் மேல் போகக் கூடாது. மலாய்க்காரர்களுக்கு 22, 25 என்றும், இந்தியர்களுக்கும் பிறருக்கும் 2010 முதல் 12, 15 என்றும் வரம்புகள் உள்ளன. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். விற்க உட்காரும்போது அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் அன்றுவரை யோசித்ததில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒரே இனமாக இருந்தால் விகிதம் மாறுவதில்லை என்பதால் அந்த விற்பனைக்குத் தடையே கிடையாது. எங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது. ஆகவே எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கும் விற்கலாம், மலாய்க்காரருக்கும் விற்கலாம், எங்களைப் போன்றவர்களுக்கும் விற்கலாம். அதே தளத்தில், அதே அளவில் இருக்கும் எங்கள் வீட்டை நாங்கள் சீனருக்கு மட்டும் விற்க முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. அதாவது, வீடு வாங்கக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எங்கள் வாசற்படியை மிதிப்பதற்கு முன்பே விலக்கப்பட்டுவிட்டார்கள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகவரை அமர்த்துவதற்கு முன்பே உங்கள் புளோக்கின் நிலவரத்தைப் பாருங்கள். அது ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த மாதம் திறந்துவிடும் என்ற நம்பிக்கையில் நாங்கள் இரண்டு முதல் தேதிகளுக்குக் காத்திருந்தோம், திறக்கவில்லை. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று பார்க்கும்போது, அதை யார் யாருக்கு விற்றார்கள் என்பதையும் விசாரியுங்கள். அது தெரியாமல் நாங்கள் வைத்த முதல் விலை வெறும் கனவாகத்தான் இருந்தது.

எங்கள் முகவர் பழுத்த அனுபவமுள்ள சீனப் பெண்மணி. விளம்பரம் வெளிவந்த முதல் வாரத்தில் தமக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை சீனர்களிடமிருந்து வந்தவை என்றும், ஒவ்வொருவரிடமும் வருத்தம் தெரிவித்து வைத்துவிட்டதாகவும் சொன்னார். விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றபோது, இது இனப் பாகுபாடு இல்லையா என்று கேட்டேன். அவர் மனம் நோகவில்லை. "அப்படியில்லை, இது மார்க்கெட்" என்றார். வாங்குவோர் குறைந்தால் விலை குறையும், அவ்வளவுதான் என்பது அவருடைய விளக்கம். அந்த விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால், வாங்குவோர் ஏன் குறைந்தார்கள் என்ற கேள்வி அதற்குள் வரவே இல்லை.

எதிர்வீட்டு அங்கிள் தியோச்சியூ பேசும் சீனர், அம்மாவுடன் பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில்தான் பேசுவார். தம் மகளுக்கு எங்கள் வீட்டை வாங்க வேண்டும் என்பது அவருக்குப் பல ஆண்டு ஆசை. மகள் பத்தடி தூரத்தில் இருந்தால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். முடியாது என்று தெரிந்ததும் எங்கள் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து, அரசாங்கத்தைக் கொஞ்ச நேரம் திட்டினார். அவரைப் பொறுத்தவரை பாதிக்கப்பட்டவர் அவர்தான். அவர் வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், எங்கள் வீட்டை அப்படி விற்க முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால், "இது இனவாதம் இல்லை, வெறும் கணக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். முப்பது ஆண்டுகள் நல்ல அண்டைவீட்டாராக இருந்தவர். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற இரவில் மின்தூக்கியைப் பிடித்து வைத்திருந்தவர். அவருக்குக் கண்ணெதிரே இருப்பது தெரியவில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு தளங்களுக்கு மேலே இருக்கும், நாங்கள் மக்சிக் என்று அழைக்கும் மலாய் அம்மாவுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு அவரும் தம் வீட்டை விற்க முயன்று, கேட்ட விலைகளைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஈரக் கையைச் சேலை முந்தானையில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் அவர் சொன்ன சொல் "நசீப்". தலையெழுத்து என்று பொருள். அம்மாவும் தலையாட்டினார். அவர்கள் இருவருக்கும் இடையில் அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை. என் அண்ணனோ, இதையெல்லாம் வெளியில் பேசாதே, வீடு விற்றால் போதும் என்றான். ஒரே தடையை முகவர் மார்க்கெட் என்றார், அங்கிள் கணக்கு என்றார், மக்சிக் நசீப் என்றார், அண்ணன் பெயரே வைக்க வேண்டாம் என்றான். இழப்பைச் சந்திக்காதவர்களுக்கு அது ஓர் ஏற்பாடாகத் தெரிகிறது, சந்திப்பவர்களுக்கு விதியாகத் தெரிகிறது. எந்தப் பக்கத்திலும் அதற்குரிய பெயரை யாரும் வைப்பதில்லை.

நான் கொள்கையை எதிர்ப்பவள் அல்ல. 1964 இனக் கலவரங்களைப் பார்த்த தலைமுறையின் பிள்ளை நான். ஜூலை 21ஐப் பள்ளியில் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடி வளர்ந்தவள். 1989இல் இதைக் கொண்டுவந்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன் ஒரு தமிழர். பிடோக்கிலும் தெம்பனிசிலும் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள், ஈசூனில் இந்தியர்கள் என்று அன்று ஒவ்வோர் இனமும் ஒவ்வோர் இடத்தில் திரண்டுகொண்டிருந்தது உண்மை. கலந்து வாழ்ந்ததால்தான் எனக்கு அங்கிளும் கிடைத்தார், மக்சிக்கும் கிடைத்தார். ஆனால், கலந்து வாழ்வதன் செலவைச் சிறுபான்மையினர் வீடு விற்கும்போது மட்டும் தனியே கட்டுவது நியாயமில்லை. இந்தச் சுமை உண்டு என்பதை அரசாங்கமும் மறுக்கவில்லை. வேறு வழியே இல்லாதவர்களின் வீடுகளை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. எங்கள் நிலை அந்த அளவுக்குப் போகவில்லை. குறைந்த விலையில் விற்க முடிகிறவர்கள் அந்தக் குறைவைத் தாங்களே தாங்கிக்கொள்ள வேண்டும். விலை வேறுபாட்டில் ஒரு பங்கையாவது பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்பதே என் எண்ணம். நல்லிணக்கம் எல்லாருக்கும் உரியதென்றால் அதன் விலையும் எல்லாருக்கும் உரியதுதான்.

இரண்டாம் மாதத்தில் திருச்சியிலிருந்து வந்து நிரந்தரவாசிகளான ஓர் இளம் தம்பதி வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து வாடகை வீடுகள் மாறியவர்கள். அந்தப் பெண் சொன்னவை எனக்குப் புதியவை அல்ல, ஆனாலும் ஒருவர் வாயால் வரிசையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. தொலைபேசியில் முதல் கேள்வியே என்ன இனம் என்பதாக இருக்கும். இந்தியர் என்றதும் வீடு ஏற்கெனவே போய்விட்டது என்பார்கள். கணவருக்குக் கிறிஸ்தவப் பெயர் என்பதால் குறுஞ்செய்தியில் வாருங்கள் என்று சொன்ன ஒரு வீட்டுக்காரர், வாசலில் முகத்தைப் பார்த்ததும் கதவை முழுதாகத் திறக்கவில்லை. மற்றவர்கள் சமைப்பீர்களா என்று கேட்பார்கள். லேசான சமையல் மட்டும் என்று ஒப்புக்கொண்டு ஒரு வீட்டில் ஓராண்டு முழுவதும் தாளிக்காமலே சமைத்தார்களாம். 2011இல் குழம்பு வாசனை தொடர்பான அண்டைவீட்டுத் தகராறு ஒன்று செய்தியானபோது, ஆகஸ்ட் 21 அன்று எல்லா இனத்தவரும் வீட்டில் குழம்பு வைத்து, குழம்பு சமைத்த அந்த இந்தியக் குடும்பத்துக்கு ஆதரவு காட்டியது என் நினைவுக்கு வந்தது. அன்று நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை வாடகைக்கு வீடு தேடும் இவர்களிடம் வந்து சேரவில்லை.

அவர் எங்கள் சமையலறைக்குப் போய் அடுப்புக்கு மேலுள்ள அலமாரியைத் திறந்தார். அம்மா எத்தனை முறை துடைத்தாலும் போகாத மஞ்சள் கறையும் மிளகாய்த்தூள் வாசமும் அந்தப் பலகையில் ஊறிக் கிடக்கும். விற்பதற்கு முன் அதை மாற்றிவிடும்படி முகவர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் அதை மோந்துபார்த்து, "இத மாத்திராதீங்கம்மா" என்றார். விலையும் ஏறக்குறைய பேசி முடித்தோம். ஆனால், விவரங்களைப் பதிந்து பார்த்தபோது வேறொரு வரம்பு குறுக்கே வந்தது. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்கள் ஒரு பேட்டையில் 5 விழுக்காடு, ஒரு புளோக்கில் 8 விழுக்காடு என்று 2010 முதல் ஒரு விதி உண்டு. எங்கள் பேட்டையில் அது நிறைந்திருந்தது. இன வரம்பில் இடம் இருந்தும் அவர்களால் வாங்க முடியவில்லை. எனக்கு வந்த கோபம் அவர்களுக்கு வரவில்லை. "நாங்க வந்தவங்கதானே, இது அவங்க ஊரு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் செருப்பைப் போட்டுக்கொண்டார். 'அவங்க' என்பதில் நானும் அடக்கம் என்று மின்தூக்கிக் கதவு மூடிய பிறகுதான் புரிந்தது.

அன்று இரவு அம்மா ஒரு பழைய விஷயத்தை எடுத்தார். 2012இல் அண்ணன் திருமணமாகிப் போனபின் அவன் அறையை வாடகைக்கு விட்டோம். ஊர்க்காரர்கள் வேண்டாம், இங்கே பிறந்தவர்களாக இருந்தால் நல்லது என்று அம்மா சொன்னார். இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஊர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று அந்த விளம்பரத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அழைத்த இரண்டு தமிழ் இளைஞர்களின் பேச்சைக் கேட்டதுமே அறை போய்விட்டது என்று சொன்னதும் நான்தான். அதற்கு அன்று எங்கள் வீட்டில் என்ன பெயர்? பெயர் ஏதும் வைக்கவில்லை. பழக்கவழக்கம் ஒத்துவராது என்று மட்டும் பேசிக்கொண்டோம். அம்மா அழவில்லை. "அந்தப் பசங்க எங்க போய்த் தங்குனாங்களோ" என்றார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது.

மூன்றாம் மாதம் வந்த உள்ளூர்த் தமிழர் ஒருவர், வீட்டைச் சுற்றிப் பார்த்தபின் பலகணியில் நின்றபடி பேரம் பேசினார். எங்கள் புளோக்கின் நிலவரத்தை முன்பே பார்த்துவிட்டு வந்திருந்தார். "வேற யாருக்குக்கா விக்கப் போறீங்க? நம்ம ஆளுங்கதானே வரணும்" என்று, கேட்ட விலையில் ஐம்பதாயிரம் வெள்ளி குறைத்துச் சொன்னார். ஐந்து மாதங்களில் என்னை மிகவும் காயப்படுத்திய பேச்சு அதுதான். ஆனால், அவர் தாம் தவறு செய்வதாக நினைக்கவில்லை. அவருக்கும் அது மார்க்கெட்தான். அம்மா காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

கடைசியில் வாங்கியவர்கள் புதிதாகத் திருமணமான தம்பதி. மனைவி தமிழ்ப் பெண், கணவர் சீனர். இருவேறு இனத்துத் தம்பதியர் குடும்பத்தின் இனமாக இருவரில் ஒருவருடைய இனத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால் இந்தியர் என்று பதிந்துகொண்டார்கள். அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. வாங்கும் உரிமைக்கு ஆயிரம் வெள்ளி ஆப்ஷன் தொகை, அந்த உரிமையைச் செயல்படுத்த 21 நாள், முன்பணம் மொத்தம் ஐயாயிரம், பிறகு இரு தரப்பும் விண்ணப்பம், அது ஏற்கப்பட்டபின் ஏறக்குறைய எட்டு வாரத்தில் விற்பனை நிறைவு. இரண்டு தளங்களுக்குக் கீழே அதே அளவுள்ள ஒரு சீனக் குடும்பத்தின் வீடு அந்த ஆண்டின் தொடக்கத்தில் போன விலையைவிட எங்களுக்கு முப்பத்து நாலாயிரம் வெள்ளி குறைவு.

சாவி கொடுத்த நாளன்று அங்கிள் நடைபாதையில் நின்றிருந்தார். புது வீட்டுக்காரரான சீன இளைஞர் பெட்டி தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து, இவனால் முடிகிறது, என் மகளால் ஏன் முடியாது என்று அம்மாவிடம் மலாயில் கேட்டார். அம்மா விளக்கப் போகவில்லை. எங்களுக்குக் கிடைத்த விலையை மட்டும் சொன்னார். அங்கிள் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கழித்துப் பார்த்தார். மீண்டும் ஒருமுறை கழித்துப் பார்த்தார். திரையை அம்மாவிடம் காட்டி, இவ்வளவா என்றார். இவ்வளவுதான் என்றார் அம்மா. அவர் கணக்கு என்ற சொல்லை அன்று சொல்லவில்லை.

வாசலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியை எங்கள் ஈசூன் வீட்டில் வைக்க இடமில்லை. வருடக்கணக்கில் அதில் இலை பறித்து இறால் வறுவலுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அங்கிள்தான். அம்மா அதை அவர் கதவோரம் தள்ளி வைத்தார். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவர் கேட்க, அம்மா இரண்டு விரல்களைக் காட்டினார்.