திருமலையில் குளிக்காமல் ஒரு சுற்று

திருகோணமலைக்குப் போகிறேன் என்றால் குளிக்க நிலாவெளிக் கடற்கரையா, புறாமலைத் தீவா என்றுதான் கேட்பார்கள். பழைய கட்டடங்கள் பார்க்க வந்தேன் என்றதும் மாமி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். "உந்த இடிஞ்ச சுவரைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனி?" என்றார். இடிந்த சுவருக்குத்தான் வந்தேன். இந்த ஊரில் எந்தக் கல்லும் வைத்த இடத்தில் இருக்கவில்லை. ஒருவர் கட்டியதை இன்னொருவர் பிரித்து வேறொன்றாகக் கட்டியிருக்கிறார்.

முதலில் கடல்சார் அருங்காட்சியகம். கடற்படை ஆணையாளர் வீடு என்று பெயர்பெற்ற ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துக் கட்டடத்தைப் பழுதுபார்த்து, 2013இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே பழைய துறைமுகங்கள், கப்பல்கள், கடற்படை வரலாறு. பிள்ளைகளோடு போனால் நல்லது. எனக்கென்னவோ காட்சிப்பொருளைவிட வீடுதான் பிடித்தது. தடித்த சுவர், அகன்ற விறாந்தை. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நின்று பார்த்தால் ஒல்லாந்தன் சும்மா கட்டவில்லை என்று புரியும்.

அப்புறம் பிரெட்ரிக் கோட்டை. முக்கால்வாசிப் பேர் கோட்டைக்குள் மலையில் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் கோட்டை வாசலை ஓட்டோவிலேயே கடந்துவிடுகிறார்கள். இறங்குங்கள். வாசல் கல்லில் இரண்டு மீன்களும், அருகே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் தெரியும். "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று நீளும் பாட்டு அது. குளக்கோட்டன் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன், பறங்கி என்றால் போர்த்துக்கீசர். பல எழுத்துகள் சிதைந்து போனதால் வாய்வழி வந்த பாட்டைக்கொண்டுதான் அறிஞர்கள் நிரப்பி வாசித்தார்கள். பறங்கியருக்குப் பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் ஆட்கள் வருவார்கள் என்று பாட்டு தொடரும். ஒல்லாந்தரையும் பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயரையும்தான் சொல்கிறது என்று ஊரில் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். தீர்க்கதரிசனமோ, நடந்தபின் எழுதியதோ, நடந்தது என்னவோ அதுதான். பறங்கியர் 1622இல் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் மட்டும் ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை கைமாறியது. 1795இல் வந்த ஆங்கிலேயர்தான் 1803இல் இப்போதைய பெயரை வைத்தார்கள்.

உள்ளே புள்ளிமான்கள் ஆட்களைச் சட்டை செய்யாமல் திரிகின்றன. என் கையில் இருந்த வாழைப்பழத் தோலுக்கு ஒன்று பின்னாலேயே வந்தது. கோட்டைக்குள்தான் வெலிங்டன் பங்களா. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1800ஆம் ஆண்டின் கடைசியில் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்ய இங்கே வந்து தங்கினார். இங்கே காய்ச்சலில் படுத்ததால் கப்பலைத் தவறவிட்டுத் தப்பினார் என்று கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். அவர் நோயில் விழுந்தது பம்பாயில். அவர் ஏற வேண்டிய கப்பல் செங்கடலில் மூழ்கியது. வீடு என்று பார்த்தால் பெரிய அழகில்லை, வெளியில் நின்று ஒரு படம் எடுத்தால் போதும்.

கோயிலுக்குப் பக்கத்தில், மலை விளிம்பில் ஒரு தூண் நிற்கிறது. இடிக்கப்பட்ட கோயிலின் தூண்தான். அதில் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயரையும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியையும் வெட்டியிருக்கிறார்கள். காதலன் கப்பலேறிப் போனதும் அவள் கடலில் குதித்தாள் என்று வழிகாட்டிகள் உருகிச் சொல்வார்கள். பதிவேடுகளின்படி அவள் உயிரோடு இருந்து பிறகு கலியாணமும் செய்தாள். தூண் யாருடையது என்பதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை.

நகருக்குள் இருக்கும் பழைய ஆங்கிலேயர் கல்லறைத்தோட்டத்தையும் விடாதீர்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாவில் கொலரா வந்து இறந்து, இங்கே புதைக்கப்பட்டார். பராமரிப்பு பரவாயில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன். புல் முழங்கால் வரை நின்றது, நீளக் காற்சட்டை போட்டுப் போங்கள்.

டொக்யாட்டுக்குள் (கடற்படைத் துறைமுக வளாகம்) இருக்கும் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் கடற்படை வளவில் இருப்பதால் நினைத்தவுடன் போக முடியாது. முன்கூட்டியே விசாரித்து, அடையாள அட்டையோடு போக வேண்டும். பழைய பீரங்கிகளைவிட அந்த மேட்டில் இருந்து துறைமுகம் முழுவதும் தெரிவதுதான் விசேஷம். எத்தனையோ நாட்டுக்காரர் இந்த ஊருக்கு ஏன் அடிபட்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

வரிசை கேட்டால், பத்து மணிபோல அருங்காட்சியகம், கோட்டைக்கு நாலு மணிக்குப் பிறகு. கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும், நடுப்பகலில் போனால் கால் பொசுங்கிவிடும்.