இறகுக் கரைசல்: மூன்றாம் முயற்சி

"இந்தச் செட்டையை வச்சு என்ன தங்கச்சி செய்யப் போறீங்க?" வெள்ளவத்தையில் நான் கோழி வாங்கும் கடை நானா மூன்றாவது தடவையாகக் கேட்டார். இறகைக் கரைக்கும் நொதியம் எடுக்க என்றேன். "நாறுமே!" என்றபடி ஒரு பை நிறையத் தந்தார்.

முதல் முயற்சி உண்மையிலேயே நாறித்தான் போனது. கழுவாத இறகை வாளிக்குள் திணித்து மூடியிருந்தேன்; காற்றில்லாமல் அழுகிவிட்டது. இரண்டாவதில் சூடு போதவில்லை.

இறகில் 90 சதவீதமளவு கெரட்டின். அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் சாதாரண புரத நொதியங்களுக்கு அது மசியாது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் கோழிக்கழிவுத் தொட்டியொன்றில் கண்டெடுத்து 1990இல் விபரித்த பெசிலஸ் லைக்கெனிபோமிஸ் பக்டீரியாவுக்கு அது மசிந்தது. அது நன்றாக வளர்வது 45 முதல் 50 பாகையில். என் பிழை அங்கேதான்.

இம்முறை இறகு கொட்டும் இடத்து மண்ணை நீரில் கலக்கி, 80 பாகையில் பத்து நிமிடம் வைத்தேன். வித்தி உருவாக்கும் பெசிலஸ் வகைகள் இந்தச் சூட்டுக்குத் தப்பிவிடும். அவற்றுக்கு உணவாக, சவர்க்காரம் போட்டுக் கழுவி அவித்த இறகு லீற்றர் நீருக்கு 10 கிராம், கொஞ்சம் பொஸ்பேற்று உப்பு. வேறு உணவே இல்லை. வாழ வேண்டுமென்றால் இறகைத் தின்றாக வேண்டும். ரெஜிபோம் பெட்டிக்குள் சூட்டுக்கு ஒரு குண்டு பல்ப், காற்றுக்கு மீன்தொட்டிப் பம்ப். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் பெட்டியைத் திறப்பதில்லை.

இரண்டாம் நாள் இறகின் மெல்லிய இழைகள் காணாமற்போயின. நான்காம் நாள் நடுத்தண்டு அவிந்த இடியப்பம் போல விரலிடையில் நசிந்தது. லிட்மஸ் தாள் நீலமானது. புரதம் உடைந்து அமோனியா வருகிறது.

வடித்த நீரில் ஒரு துளியை அம்மாவின் பழைய எக்ஸ்ரே படத்தின் கரிய பகுதியில் விட்டேன். பக்கத்தில், நொதியம் செயலிழக்கக் கொதிக்கவைத்து ஆறிய அதே நீரில் ஒரு துளி. ஒரு மணித்தியாலத்தின் பின் கழுவினால், முதல் துளி இருந்த இடத்தில் கருமை வழிந்தோடி நீலப் பிளாஸ்டிக் வட்டமாகத் தெரிந்தது. மற்றது அப்படியே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ர நெஞ்சுப் படத்தையே கரைச்சிட்டியே பிள்ளை" என்றார். எனக்கோ கண் கலங்கிவிட்டது.

ஆனால் படத்தில் கரைந்தது, கருமையைப் பிடித்து வைத்திருக்கும் ஜெலற்றின் என்ற புரதம். அது சாதாரண புரத நொதியங்களுக்கே கரையும். ஆகவே வடித்த நீரில் புது இறகு போட்டேன். இரண்டு நாளாகியும் ஓரம் மட்டுமே மென்மையானது. கந்தகப் பிணைப்பை முதலில் தளர்த்துவதில் உயிருள்ள பக்டீரியாவுக்கும் பங்குண்டு. நொதியம் தனியே போனால் வேலை மெதுவாகிறது. அடுத்த தடவை அந்தப் பிணைப்பைத் தளர்த்த வடித்த நீரில் சிறிதளவு சோடியம் சல்பைற்று சேர்த்துப் பார்க்கிறேன். பழைய கரைசலைப் பிறஷர் குக்கரில் அரை மணித்தியாலம் வைத்து அழித்தாயிற்று. அந்தக் குக்கர் இனிச் சமையலறைக்குள் வராது.